Re: கீத் தியேட்டர் மேனேஜர் ரிப்போர்ட்ல "14 நிமிஷம், ஒண்ணுல"ன்னா என்ன?

வணக்கம். கீத் தியேட்டர்ங்க, நூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்கால பாட்டு, காமெடி, வித்தைன்னு பல ஐட்டம் கலந்த வாட்வில் ஷோ நடத்தினதுங்க; ஒவ்வொரு ஐட்டமும் எப்படி இருந்துச்சுன்னு அந்தந்த ஊர் மேனேஜர் எழுதினதுதான் இந்த ரிப்போர்ட். நீங்க அதுல ரெண்டு விஷயம் கேட்டிருக்கீங்க, காமெடி ஜோடிக்கு "14 நிமிஷம், ஒண்ணுல"ன்னு ஏன் எழுதியிருக்கு, அவ்ளோ நல்ல ட்ரபீஸ் (ஊஞ்சல் வித்தை) ஐட்டத்த ஏன் கடைசில போட்டாங்கன்னு.

"14 நிமிஷம்"னா ஐட்டம் ஓடின நேரம். "ஒண்ணு"ன்னா மேடையோட முன்பக்கம், மேடை விளிம்புல இருக்கற அடிவிளக்குக்கும் முதல் தொங்குதிரைக்கும் நடுவுல இருக்கற ஒடுக்கமான இடம். அங்க ரெண்டு பேர் ஜோக் அடிச்சிட்டிருக்கும்போதே திரைக்குப் பின்னாடி ஆளுங்க சத்தமில்லாம அடுத்த ஐட்டத்துக்கு செட் போட்டு முடிச்சிடுவாங்க, ஷோவும் நிக்காம ஓடும், அதனால அந்த இடத்துலயே சமாளிக்கற ஜோடின்னா மேனேஜருக்கு தங்கம் மாதிரி.

கடைசி இடம் தண்டனை இல்லீங்க. முதல் ஐட்டத்தப்போ ஜனங்க சீட் தேடிட்டிருப்பாங்க, கடைசில கோட்ட மாட்டிட்டு எழுந்து போவாங்க, பேச்சு காதுலயே விழாது, அதனாலதான் அந்த ரெண்டு இடத்துலயும் பெரும்பாலும் பேச்சில்லாத வித்தைய வைப்பாங்க. பெரிய ஸ்டாருக்கு கடைசிக்கு முந்தின இடம். அதனால ரிப்போர்ட்ல "கைதட்டல் சுமார்"னு இருந்தா, எந்த இடத்துல ஆடினாங்கன்னு முதல்ல பாருங்க.

இன்னொண்ணு, ஒரே ஊர் ரிப்போர்ட்ட மட்டும் நம்பிடாதீங்க, அது ஒரு மனுஷனோட ரசனை. அயோவா பல்கலைக்கழக நூலகத்துல 1902லேர்ந்து 1923 வரைக்குமான ரிப்போர்ட் புக்குங்க இருக்கு. அதே ஐட்டத்த பாஸ்டன்காரர் என்ன சொன்னாரு, ஃபிலடெல்ஃபியாகாரர் என்ன சொன்னாருன்னு பக்கத்துல பக்கத்துல வச்சு படிங்க, ப்ளீஸ்.