ரன்னிங் பேக் வீரர்களின் ஆட்ட வாழ்க்கை ஏன் இவ்வளவு குறுகியது?

அமெரிக்கக் கால்பந்தில், பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணித் தடுப்பாளர்களுக்கு நடுவே சந்து தேடி ஓடுபவர்தான் ரன்னிங் பேக். பந்து கைக்கு வந்த நொடியில் எதிரணி மொத்தமும் அவர் மேல் பாயும். 100 கிலோ ஆளின் முழங்கால் மேல் 140 கிலோ ஆள் விழுந்தால் என்ன ஆகும்? ஒரு ஆட்டத்தில் இது இருபது முறை நடக்கலாம்.

அவர் உடம்பு கிணற்றுக் கயிறு மாதிரிதான். ஒரே இழுப்பில் அறுந்துவிடாது. ஒவ்வொரு வாளிக்கும் ஒரு இழை தேயும். ரன்னிங் பேக் டாட் கர்லி 2017-இல் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்-இன் சிறந்த தாக்குதல் வீரர். அப்புறம் முழங்கால் படுத்தியது. 2020 சீசனோடு, 26 வயதில், ஆட்டம் முடிந்தது. நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. எம்மிட் ஸ்மித் 15 சீசன் தாங்கி, 4,409 முறை ஓடி 18,355 யார்டு சேர்த்தார். அது அபூர்வம்.

'பேக்' என்றதும் நம் கால்பந்தில் வருகிற தற்காப்பு வீரர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, முன்வரிசைக்குப் பின்னால் நின்று ஓட்டத்தைத் தொடங்குவதால் வந்த பெயர் அது. அவர் தாக்குதல் வீரர்.