பொறுப்பு வேறு, தற்காலிகப் பதவி உயர்வு வேறு: ஏற்காட்டு ஆசிரியையின் அம்மாவுக்கு

அம்மா, வணக்கம்.

மகளுக்குத் தற்காலிகப் பதவி உயர்வு வரப்போகிறது என்று தெரிந்ததும் வீட்டில் சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகமாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். "தற்காலிகம்னா எப்ப வேணா கீழே எறக்கிடுவாங்களாமே, அதுக்கு இருக்கிற எடத்துலயே இருந்துட்டா என்ன?" என்றும் கேட்டிருந்தீர்கள். சேலத்தில் ஆசிரியர் வீடுகளிலிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லாதீர்கள். பதவி உயர்வைத் துறந்தால் அடுத்த சில ஆண்டுகளுக்குப் பேனலில், அதாவது பதவி உயர்வுக்குத் தகுதியானவர்களின் பட்டியலில், பெயர் வராது. ஆனால் ஆணை கைக்கு வருவதற்குள் மகளின் அனுபவக் கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். "பத்து வருஷ அனுபவம்" என்று நீங்கள் எழுதியிருக்கும் கணக்கு அப்படியே செல்லாது.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பள்ளித் தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்ற பிறகு உங்கள் மகள் அந்த வேலையைச் சேர்த்துப் பார்க்கிறார். அது பொறுப்பு. பட்டதாரி ஆசிரியர் என்ற பதவியில்தான் அவர் இன்னும் இருக்கிறார்; தலைமை ஆசிரியராக அந்த மாதங்கள் எண்ணப்படும் என்று நினைக்க வேண்டாம். முதுகலை ஆசிரியராகத் தற்காலிகப் பதவி உயர்வு என்று இப்போது பேச்சு அடிபடுகிறதே, அது தனி. அதற்கு நியமன அதிகாரியின் ஆணை வேண்டும், பதவி மாறும், சம்பள நிர்ணயம் மாறும்.

பொறுப்புக்கும் எழுத்தில் ஆணை வாங்கச் சொல்லுங்கள். "நீங்களே பாத்துக்கங்க டீச்சர்" என்ற வாய்ச்சொல்லோடு நிற்கக் கூடாது. அந்தமானில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியரைச் சாரணர் செயலாளர் பதவியின் வேலையைப் பார்க்கச் சொன்னார்கள், முறையான பதவி உயர்வு கொடுக்கவில்லை. பார்த்த வேலைக்கு அந்தப் பதவியின் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் சொன்னது. செல்வராஜ் வழக்கு என்பார்கள். அவர் அந்த இடத்தில் வேலை செய்தார் என்பதற்குக் காகிதம் இருந்ததால்தான் வழக்கு நின்றது.

இனி தற்காலிகப் பதவி உயர்வு. தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படை பழைய பொது விதிகளின் 39-ஆம் விதி. 2016-ஆம் ஆண்டின் அரசுப் பணியாளர் பணி நிபந்தனைகள் சட்டம் வந்தபோது அந்த விதிகள் சட்டமாகவே ஆகிவிட்டன. சாரம் இதுதான்: காலியிடத்தை உடனே நிரப்ப வேண்டும், முறைப்படி பேனல் போட்டால் தாமதமாகும் என்ற நிலையில், பொதுநலன் கருதி ஒருவரைத் தற்காலிகமாக உயர்த்தலாம். ஆனால் அந்தப் பதவிக்கு விதித்த தகுதி இல்லாதவரைச் சாதாரணமாக உயர்த்தக் கூடாது. வேறு வழியில்லாமல் உயர்த்தினாலும், தகுதியுள்ளவர் கிடைத்தவுடன் மாற்றியாக வேண்டும். இப்படி உயர்ந்தவர் மேல்பதவியில் தகுதிகாண் பருவத்தில் (புரொபேஷனில்) இருப்பவராகக் கருதப்பட மாட்டார். இதை வைத்து மட்டும் பிறகு முன்னுரிமை கேட்க முடியாது. பின்னால் முறைப்படி உயர்வு வரும்போது, தகுதிகாண் பருவம் எந்த நாளிலிருந்து தொடங்கும் என்பதை முன்தேதியிட்டுக் கொடுக்க நியமன அதிகாரிக்கு இடம் உண்டு.

"கீழே எறக்கிடுவாங்க" என்ற பயம் யாருக்குப் பொருந்தும் என்பது இதிலேயே இருக்கிறது. தகுதி முழுமையாக இருந்து, பணிமூப்பு வரிசையிலும் இருப்பவர் பெரும்பாலும் அதே இடத்தில் பின்னால் முறைப்படுத்தப்படுகிறார். தகுதியில் ஓட்டை உள்ளவர்தான் இறங்குகிறார். பயிற்று அனுபவமும் அந்தத் தகுதியில் ஒரு பகுதிதான், அதனால்தான் கணக்கை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

உங்கள் பத்து வருடத்தைப் பிரித்துப் பார்ப்போம். சேலத்தில் தனியார் பள்ளியில் மூன்று வருடம். அரசுப் பணியில் ஏழு வருடம். அந்த ஏழில் ஒரு வருடம் வட்டார வள மையத்தில் மாற்றுப்பணி. எம்.எஸ்சி. முடித்தது அரசுப் பணியில் சேர்ந்து நான்கு வருடம் கழித்து. ஆக, வகுப்பில் நின்று பாடம் நடத்திய அரசுப் பணி ஆறு வருடம். முதுகலைப் பட்டத்துக்குப் பிறகு என்று பார்த்தால் மூன்றே வருடம். இந்த மூன்றா, ஆறா, ஏழா, பத்தா எது செல்லும் என்பதை அந்தப் பதவிக்கான சிறப்பு விதியின் வாசகம்தான் முடிவு செய்யும். "பணிக்காலம்" என்று இருந்தால் ஒரு கணக்கு, "கற்பித்தல் அனுபவம்" என்று இருந்தால் வேறு கணக்கு, "அந்தப் பதவி நிலையில்" என்று இருந்தால் இன்னொரு கணக்கு. தனியார் பள்ளி அனுபவம் நேரடி நியமனத்தில் உதவுகிற இடங்கள் உண்டு. துறைக்குள் நடக்கும் பதவி உயர்வில், கீழ்ப்பதவியில் இருந்த காலத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பட்டத்துக்கு முந்தைய அனுபவம் செல்லுமா என்பது நீதிமன்றங்களை ரொம்ப நாள் சுற்றிய கேள்வி. புதுச்சேரி பொதுப்பணித் துறை இளநிலைப் பொறியாளர்கள் வழக்கில், சுரேஷ் நாதன் வழக்கு, பட்டம் பெற்ற பிறகு செய்த பணியைத்தான் எண்ண வேண்டும் என்று 1991-இல் தீர்ப்பு வந்தது. சில ஆண்டுகளுக்குள், மத்தியப் பிரதேசப் பொறியாளர்களின் ஜோஷி வழக்கில், அங்குள்ள விதியின் வாசகம் வேறு என்பதால் பட்டத்துக்கு முந்தைய பணியும் சேரும் என்றது அதே நீதிமன்றம். 2007-இல் ஷைலேந்திர தானியா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இரண்டையும் எடுத்துப் பார்த்தது. விதியின் வாசகம், அந்தத் துறை அதை இத்தனை காலம் எப்படிப் புரிந்து நடைமுறைப்படுத்தி வந்தது, இவற்றை வைத்துத்தான் முடிவு என்பது அதன் போக்கு. மூன்றும் பொறியாளர் வழக்குகள்தான், ஆனாலும் ஆசிரியர் வழக்குகளிலும் இதே கேள்வி எழும்போது இவற்றைத்தான் எடுத்து வைக்கிறார்கள். ஆகவே பக்கத்து ஒன்றியத்து ஆசிரியருக்கு எண்ணினார்கள் என்பது மட்டும் போதாது. அவருக்கு எந்த விதியின் கீழ், எந்தப் பதவிக்கு எண்ணினார்கள் என்று கேட்டு வாங்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்ததாக நீங்கள் அனுப்பிய "12 வருடம் இருந்தால்தான் தலைமை ஆசிரியர்" என்ற தகவல் கேரளத்துடையது. கேரளக் கல்வி விதிகளில், உதவி பெறும் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கு 12 ஆண்டு தொடர்ச்சியான பட்டதாரி ஆசிரியர் பணியும் துறைத் தேர்வுத் தேர்ச்சியும் கேட்கிறார்கள். அந்த எண்ணை ஏற்காட்டுக்குக் கொண்டு வந்து கவலைப்பட வேண்டாம்.

இன்னொன்று, மகள் இருப்பது பள்ளிக் கல்வித் துறைப் பள்ளியா, பழங்குடியினர் நலத் துறையின் உண்டு உறைவிடப் பள்ளியா என்று நீங்கள் எழுதவில்லை. சேர்வராயன் மலையிலும் கல்வராயன் மலையிலும் இரண்டும் உண்டு. துறை வேறு என்றால் நியமன அதிகாரி வேறு, பணிமூப்புப் பட்டியலும் வேறு. இதை உறுதி செய்யாமல் எந்தப் பேனலையும் பார்த்துப் பயனில்லை.

டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றிச் சுருக்கமாக. 1.9.2025 அன்று உச்ச நீதிமன்றம், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் பணியில் தொடரலாம், பதவி உயர்வு வேண்டுமானால் அவர்களும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். உங்கள் மகள் டெட் தேர்ச்சியோடுதான் பணிக்கு வந்தார் என்பதால் இந்தக் கவலை உங்களுக்கு இல்லை. சான்றிதழ் மட்டும் கையில் இருக்கட்டும்.

பணத்தைத் திரும்பப் பிடிப்பார்களா என்று அப்பா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. ரஃபீக் மசீஹ் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் சில சூழல்களைப் பட்டியலிட்டது. அதில் ஒன்று, தவறுதலாக மேல்பதவி வேலையைச் செய்ய வைத்து அதற்குரிய சம்பளமும் கொடுத்திருந்தால் அதைத் திரும்பப் பிடிக்கக் கூடாது என்பது. ஆனால் 2016-இல் ஜக்தேவ் சிங் வழக்கில், அதிகம் கொடுத்திருந்தால் திருப்பித் தருகிறேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தவர் கட்டுப்பட்டவர் என்றது. சம்பள நிர்ணயத்தின்போது அலுவலகத்தில் நீட்டும் படிவங்களில் அந்த உறுதிமொழி இருக்கும். கையெழுத்துப் போட வேண்டியிருந்தாலும் படித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள், ஒரு நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

பணிமூப்பு விஷயத்தில் அதிக நம்பிக்கை வைக்க வேண்டாம். விதிப்படி அல்லாமல் இடைக்கால ஏற்பாடாக மட்டும் இருந்த காலம் பணிமூப்புக்குச் சேராது என்று 1990-லேயே அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கப்படுவது உரிமை, பதவி உயர்வே உரிமையல்ல. இதனால் தற்காலிக உயர்வு வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மேல்நிலை வகுப்புகளில் பாடம் நடத்திய அனுபவம், சம்பளம் இரண்டும் வருகின்றன. என் கருத்தில் அது போதுமான காரணம்.

இப்போது செய்ய வேண்டிய வேலை பணிப்பதிவேட்டில் இருக்கிறது. மகளை ஒரு நாள் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்க்கச் சொல்லுங்கள். பணியேற்ற நாள், முற்பகலா பிற்பகலா, பணிவரன்முறை ஆணையின் (பணியை முறைப்படுத்திய ஆணையின்) எண், தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, எம்.எஸ்சி. தேர்ச்சி பதியப்பட்டு அதன் கீழ் கையொப்பமும் முத்திரையும் இருக்கிறதா என்பது. வள மைய மாற்றுப்பணி எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, அந்த நாட்களில் வகுப்பும் எடுத்தாரா என்பது. நான் பார்க்கும் பதிவேடுகளில் அதிகம் விடுபடுவது உயர்கல்வித் தகுதிப் பதிவுதான். சான்றிதழ் பீரோவில் பத்திரமாக இருக்கும், பதிவேட்டில் ஒரு வரி இருக்காது. பேனலுக்குப் பெயர் அனுப்புபவர் பீரோவைப் பார்ப்பதில்லை.

விடுபட்டது இருந்தால் முறையான வழியில், ஒப்புகை பெற்று, மனு கொடுக்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்கு வந்து போவது சிரமம்தான். ஆனாலும் பேனல் ஒரு குறிப்பிட்ட நாள் நிலவரப்படி தயாராகும். அந்த நாளுக்குப் பிறகு பதியப்படுவது அடுத்த ஆண்டுக்குத்தான் உதவும். தற்காலிகப் பட்டியல் வெளியானதும் ஆட்சேபணைக்குக் கொடுக்கும் அவகாசம் குறைவு, கலந்தாய்வு விவரம் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் வந்துவிடும். மலையில் சிக்னல் கிடைக்காத நாட்களில் கீழே இருக்கும் நீங்கள் பார்த்துச் சொல்லலாம்.

சின்ன மகள் பி.எட். முடித்துவிட்டுத் தனியார் பள்ளியில் சேரப் போவதாகச் சொன்னீர்கள். சேரும் நாளிலேயே நியமனக் கடிதம் வாங்கட்டும். விலகும்போது வகுப்பு, பாடம், தேதிகள் குறித்த அனுபவச் சான்று வாங்கி, கல்வி அலுவலரின் மேலொப்பமும் பெறட்டும். பல ஆண்டு கழித்துக் கேட்டால் அந்தப் பள்ளி நிர்வாகமே மாறியிருக்கலாம்.

மூத்தவருக்கு ஆணை வந்ததும் எந்த விதியை மேற்கோள் காட்டியிருக்கிறது, "முற்றிலும் தற்காலிகமானது" என்ற வரிக்குப் பிறகு என்ன நிபந்தனை இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பக்கத்தையும், பணிப்பதிவேட்டின் முதல் பக்கம், கல்வித் தகுதிப் பக்கம் இரண்டையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். மாறுதலில் விடுவிப்பு வாங்குவதற்கு முன்பே அனுப்பினால் நல்லது.