பிளஸ் ஒன் படிக்கும் மகனின் பையில் மாத்திரை அட்டை இருந்தது. மறுவாழ்வு மையத்தில் சேர்த்துவிடலாமா?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: பையனுக்கு 16 வயது, வீடு வட சென்னை, புத்தகப் பையில் பாதி காலியான அட்டை, கேட்டால் "ஃப்ரெண்டோடது" என்கிறான். சொந்தக்காரர் ஒருவர் செங்குன்றம் பக்கம் ஒரு மையம் இருப்பதாகச் சொல்கிறார், ராத்திரியே வண்டி அனுப்பித் தூக்கிக்கொண்டு போவார்களாம்.

வேண்டாம். என்ன மாத்திரை என்றே தெரியாமல் பையனை எங்கேயும் அடைக்காதீர்கள். எதை எடுக்கிறான் என்பதைப் பொறுத்து நிறுத்தும் முறையே மாறும். சிலதை ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

அட்டையைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். உங்களுக்கு வேண்டியது அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரும் மி.கி. அளவும். மாத்திரையைப் பிதுக்கியதில் ஃபாயில் கிழிந்து பாதிதான் தெரியும். தெரிவதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. 'என்.ஆர்.எக்ஸ்' (NRx) என்று சிவப்பில் அச்சிட்டிருந்தால் போதைப் பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்து.

சென்னையில் அடிக்கடி பிடிபடுவது இரண்டு. ஒன்று டாபென்டடால், ஓபியாய்டு வகை (அபின் போல வேலை செய்யும்) வலி மாத்திரை. இன்னொன்று நைட்ரஸெபாம், தூக்க மாத்திரை.

டாபென்டடாலைத் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் மூக்கு ஒழுகும், மயிர் கூச்செறியும், கை கால் குடையும், வாந்தி பேதி வரும், தூக்கம் போகும். பார்க்கக் கொடுமையாக இருக்கும். உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் பொதுவாக உயிர் போகாது. ஆபத்து அதற்குப் பிறகு. சில வாரம் விட்டிருந்தால் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். ஏதோ ஒரு நாள் பழைய அளவையே போட்டுக்கொண்டால் மூச்சு நின்றுவிடலாம். மையத்திலிருந்து வெளியே வந்த முதல் சில வாரங்களில் சாவு நடப்பது இதனால்தான்.

நைட்ரஸெபாம் நேர் எதிர். நாள்கணக்கில் எடுத்தவனுக்குச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். அதை டாக்டர்தான் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். ஒரு அறையில் போட்டுப் பூட்டி "நாலு நாள்ல சரியாயிடும்" என்று விடுவது இங்கே செல்லாது.

மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கமும் இருக்கிறது. மாத்திரையைக் கெட்டியாக்கச் சேர்க்கும் மாவுப்பொருள் முழுதாகக் கரையாது; ரத்தக் குழாயை அடைக்கும், சீழ் கட்டும், கிருமி இதய வால்வு வரை போகும். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றவில்லையென்றால் முழங்கை மடிப்பைப் பாருங்கள். ஊசி உறுதியானால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை அவசியம்.

ஆன்லைனில் சிறுநீர் டெஸ்ட் கிட் வாங்கி, நெகடிவ் வந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். சாதாரண ஓபியேட் கிட் மார்ஃபின் வகையைத்தான் பிடிக்கும். டாபென்டடால் பெரும்பாலும் அதில் சிக்காது. கஞ்சா சிக்கும், அதுவும் தினமும் புகைத்தவனுக்கு நிறுத்தி வாரங்கள் ஆன பிறகும் பாசிட்டிவ் வரலாம். இன்றைக்கும் புகைத்தான் என்று அதற்காக அடிக்கப் போகாதீர்கள்.

(மாத்திரை இல்லை, பஞ்சர் சொல்யூஷன், தின்னர் மோப்பம் என்று தேடி வந்தவர்களுக்கு ஒன்று: கையும் களவுமாகப் பிடித்தால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். அந்த ஆவி உள்ளே இருக்கும்போது திடுக்கிட்டாலோ ஓடினாலோ இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே நின்றுவிடலாம்.)

அவனிடம் பேசுவது: போதையில் இருக்கும்போது வேண்டாம், அப்பா கோபத்தில் இருக்கும்போதும் வேண்டாம். "டேய், உன்னை மாட்டிவிடக் கேக்கல. டாக்டர்கிட்ட போனா என்னன்னு சொல்லணும், அதான்" என்று ஆரம்பியுங்கள். யார் கொடுத்தது என்பது இப்போதைக்கு வேண்டாம்; அதைக் கேட்ட நொடியில் வாய் மூடிவிடும். என்ன, ஒரு நாளைக்கு எத்தனை, கடைசியாக எப்போது, விழுங்குகிறானா ஊசியா, கூடவே சாராயமோ கஞ்சாவோ உண்டா. இந்த ஐந்தும் போதும். ஓபியாய்டு வலி மாத்திரை, தூக்க மாத்திரை, சாராயம் மூன்றில் எந்த இரண்டு சேர்ந்தாலும் மூச்சை அமுக்கும். எழுப்பினால் எழவில்லை, கண்ணின் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108. வாயில் எலுமிச்சை, மோர், உப்புத் தண்ணீர் எதுவும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போகும்.

சாக வேண்டும் போலத் தோன்றுகிறதா என்றும் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். 14416, டெலி மானஸ், இலவசம், தமிழில் பேசலாம், 104உம் உண்டு. இந்த வயதில் போதைக்கு அடியில் மனச்சோர்வோ, பதற்றமோ, சிறு வயதிலிருந்தே கவனிக்காமல் விட்ட ஏடிஎச்டியோ (ஒன்றில் கவனம் நிற்காத, துறுதுறுவென்று இருக்கும் கோளாறு) இருப்பது சகஜம். அதைப் பார்க்காமல் மாத்திரையை மட்டும் பிடுங்கினால் வேறொன்றைத் தேடிப் போவான்.

எங்கே போவது? ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம், மனநலப் பிரிவு ஓபி போதும். அயனாவரம் மேடவாக்கம் டேங்க் ரோட்டில் இருக்கும் அரசு மனநலக் காப்பகத்திலும் போதை மீட்புப் பிரிவு இருக்கிறது. "கீழ்ப்பாக்கமா?" என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 2025இல் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களும் தொடங்கினார்கள். காலையில் சீக்கிரம் போங்கள், அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

தனியார் மையம் எல்லாமே மோசம் என்று நான் சொன்னதாகத் திரிக்க வேண்டாம். அடையாறு இந்திரா நகர் டி.டி.கே. மருத்துவமனை 1980இலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. ஆனால் 18 வயதுக்குக் கீழே என்றால் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்வது வேறு. இரண்டு நிபுணர்கள், ஒருவராவது மனநல மருத்துவர், தனித்தனியே பார்த்துச் சேர்க்க வேண்டும் என்று எழுத வேண்டும். பெரியவர்களோடு ஒரே வார்டில் போடக் கூடாது. அம்மாவோ அப்பாவோ அவர்கள் நியமிக்கும் துணையாளோ கடைசி வரை கூடவே தங்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். "மூணு மாசம் பார்க்க விடமாட்டோம், போன் கிடையாது" என்று சொல்லும் இடம் இதில் எதையும் செய்யப்போவதில்லை. மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், முகத்திலேயே பதில் தெரியும்.

இன்னொரு ஆத்திரம், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். வாசலில் போதை ஒழிப்பு உறுதிமொழி, பேரணி, போட்டோ எல்லாம் நடத்தும் பள்ளிகள், ஒரு பையன் மாட்டினால் மறுநாளே டி.சி. கொடுக்கின்றன. ரிசல்ட் சதவீதம் காப்பாற்றப்பட்டுவிடும். காலை எட்டரை முதல் மாலை வரை போக ஒரு இடம் இருந்த பையன், இப்போது நாள் முழுக்க அந்த மாத்திரை விற்கும் தெருவிலேயே நிற்பான். சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவின்படி சிறுவனுக்குப் போதைப் பொருள் கொடுத்தவனுக்குத்தான் 7 ஆண்டு வரை சிறை. தண்டனை யாருக்கென்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது, தலைமையாசிரியர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே பள்ளியில் இப்போது எதுவும் சொல்லாதீர்கள். லீவுக்கு மருத்துவச் சான்று கொடுங்கள். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது அதே 2017 சட்டப்படி உங்கள் மகனின் உரிமை.

முதல் மாதம் கையில் ரொக்கமோ ஜிபேவோ வேண்டாம், பஸ் பாஸ் போதும். ஆசை கிளம்பினால் பெரும்பாலும் அரை மணிக்குள் அடங்கும். அந்த அரை மணிக்கு யாராவது கூட இருக்க வேண்டும். நடுவில் ஒரு தடவை தவறினால் "எல்லாம் போச்சு" என்று சிகிச்சையை நிறுத்தாமல், அன்றைக்கே ஓபிக்குக் கூட்டிப் போங்கள். ஒரு வருடமாவது தொடர்ந்து போக வேண்டியிருக்கும்.

"அடிச்சு வளர்த்திருந்தா இது வந்திருக்காது" என்று கீழே எழுத வருகிறவர்களுக்குப் பதில் போட மாட்டேன். எந்த மாத்திரை எத்தனை போட்டால் என்ன ஆகும் என்று இன்பாக்ஸில் கேட்பவர்களுக்கும்தான்.