முள் தாவுவது ஏன்? டோன்ஆர்ம் கேள்வி பதில்

கே: என் ரெக்கார்ட் பிளேயரில் முள் பகுதியைத் தாங்கும் நீண்ட கையான டோன்ஆர்மின் எஃபெக்டிவ் மாஸ் (முள்முனையில் உணரப்படும் நிறை) 12 கிராம். புதிதாக மாட்டிய கார்ட்ரிட்ஜ் (முள் பொருந்திய சிறு பெட்டி) 6 கிராம், கம்ப்ளையன்ஸ் (முள் எவ்வளவு எளிதில் நெகிழும் என்ற அளவு) 30. இசைத்தட்டு லேசாக நெளிந்திருந்தாலே ஸ்பீக்கர் கோன் அலைகிறது, முள்ளும் தாவுகிறது. முள்ளழுத்தத்தைக் கூட்டலாமா?

ப: வேண்டாம். தயாரிப்பாளர் சொன்ன அளவைத் தாண்டினால் கான்டிலீவர் (முள் பொருந்திய மெல்லிய தண்டு) தொய்ந்து கோணம் மாறிவிடும், தாவலும் நிற்காது. சிக்கல் வேறு இடத்தில். கான்டிலீவரைப் பிடித்திருக்கும் ரப்பர் ஒரு ஸ்பிரிங். ஆர்மும் கார்ட்ரிட்ஜும் அதன் மேல் உட்கார்ந்த பாரம். இரண்டும் சேர்ந்தால் தனக்கென்று ஓர் அதிர்வெண் வந்துவிடும். மொத்த நிறையைக் கம்ப்ளையன்ஸால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதனால் வகுத்தால் அது கிடைக்கும். உங்கள் கணக்கு: 12 + 6 + திருகுகள் 0.5 = 18.5 கிராம்; 30ஆல் பெருக்கினால் 555; விடை 6.7 ஹெர்ட்ஸ். நெளிவின் ஆட்டம் பெரும்பாலும் 6 ஹெர்ட்ஸுக்குக் கீழே, இசை 20க்கு மேலே. 8 முதல் 12 வரை இருந்தால் இரண்டிலும் மாட்டாது. நீங்கள் நெளிவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறீர்கள்.

ஹெட்ஷெல் (கார்ட்ரிட்ஜை மாட்டும் ஆர்மின் முனைப்பகுதி) கழற்றும் வகையென்றால் 4.5 கிராம் குறைவானதைப் போடுங்கள். முனையில் இருப்பதால் அந்த எடை அப்படியே கழியும். 7.8 ஹெர்ட்ஸ் வரும், ஓரளவு தேறும். நிரந்தரத் தீர்வு, அதே எடையில் கம்ப்ளையன்ஸ் 15 உள்ள கார்ட்ரிட்ஜ்: 9.5 ஹெர்ட்ஸ். வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். ஜப்பானியத் தயாரிப்புகள் பலவற்றில் கம்ப்ளையன்ஸை 100 ஹெர்ட்ஸில் அளந்து போட்டிருப்பார்கள். அதை 10 ஹெர்ட்ஸ் அளவாக்க 1.5 முதல் 2 வரை பெருக்கிய பிறகே கணக்கில் சேர்க்க வேண்டும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

கே: கவுன்டர்வெயிட் (ஆர்மின் பின்பக்கச் சமன் எடை) இலேசாக இருந்தால் ஆர்மின் எஃபெக்டிவ் மாஸ் குறையுமா?

ப: நேர்மாறு. சமநிலைக்கு எடையைத் தூரத்தால் பெருக்கினால் போதும், நிலைமத்துக்கோ தூரத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 230 மி.மீ. ஆர்மில் 100 கிராம் எடை பிவட்டிலிருந்து (ஆர்ம் திரும்பும் அச்சு) 40 மி.மீ.யில் இருந்தால் முள்முனையில் 3 கிராம் சேர்க்கும். 80 கிராம் 50 மி.மீ.யில் அதே சமநிலை தரும், ஆனால் 3.8 கிராம் சேர்க்கும். கனமானதைப் பிவட்டை ஒட்டி வைப்பதே நல்ல வடிவமைப்பு.

கே: பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும் கரகரக்கிறது.

ப: உட்பக்கம் போகப் போகத் தடம் நெருக்கமான அலைகளாகிறது; அங்கே முள் தடத்துக்கு நேராக நிற்காத கோணப் பிழை உடனே காதில் விழும். 230 மி.மீ. ஆர்முக்கு ஓவர்ஹாங் (முள் தட்டின் மையத்தைத் தாண்டி நீளும் தூரம்) சுமார் 18 மி.மீ., ஆஃப்செட் (கார்ட்ரிட்ஜ் உள்நோக்கித் திரும்பிய கோணம்) 24 பாகை வைத்தால் மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. ஆகிய இரண்டு இடங்களில் பிழை பூஜ்யமாகும். இந்தப் புள்ளிகளும் கோடுகளும் அச்சிட்ட அளவுத்தாளை வைத்து, கார்ட்ரிட்ஜின் திருகுகளைத் தளர்த்தி, இரண்டு புள்ளியிலும் கோட்டுக்கு இணையாக்குங்கள். கார்ட்ரிட்ஜின் உடலைப் பார்க்காதீர்கள், கான்டிலீவரைப் பாருங்கள். அதன்பிறகும் வலது சேனல் மட்டும் கரகரத்தால் ஆன்டி-ஸ்கேட் (ஆர்ம் உட்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டும் விசை) போதவில்லை: முள் உள்சுவரில் சாய்ந்து, வலது சேனல் உள்ள வெளிச்சுவரை நழுவவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கேளுங்கள்.