ஆஸ்துமாவோடு பாலியம் பள்ளத்தாக்கில் தங்கலாமா?

ஆஸ்துமா இருக்கும் நீங்கள், இந்தோனேசியாவின் பப்புவாவில், பாலியம் பள்ளத்தாக்கின் வமேனா நகருக்கு அப்பால் டானி பழங்குடியினரின் ஒரு கிராமத்தில் தங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குளிரைவிடப் புகைக்குத்தான் நான் பயப்படுவேன். ஹொனாய் எனப்படும் வட்டக் குடிசைக்குச் சன்னல் கிடையாது. நடுவில் அடுப்பு எரியும், புகை கூரைப் புல்லின் இடுக்கில்தான் கசிந்து வெளியேற வேண்டும். ஆகவே கூடாரம் கொண்டுபோய் வெளியே படுங்கள். 1,600 மீட்டர் உயரத்தில் இரவு நடுங்க வைக்கும், கனமான தூக்கப்பை அவசியம். இன்ஹேலர்களை வழக்கத்தைவிட இரட்டிப்பு எண்ணிக்கையில் பையில் எடுத்துச் செல்லுங்கள். வமேனாவைத் தாண்டினால் மருந்துக்கடையை மறந்துவிடுங்கள். சாப்பாடு பெரும்பாலும் சர்க்கரைவள்ளிக்கிழங்குதான், சீக்கிரமே அலுத்துவிடும். வமேனாவுக்கு விமானம் மாறும் செந்தானி தாழ்நிலம் என்பதால் மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். போலீஸ் பயண அனுமதிச் சீட்டு வாங்கும்போதே பாதுகாப்பு நிலவரத்தையும் விசாரியுங்கள். 2023இல் பக்கத்து ந்டுகா மாவட்டத்தில் பிரிவினைக் கிளர்ச்சியாளர்கள் ஒரு விமானியையே பிணையாகப் பிடித்தார்கள்.