பழைய பாம் கருவியில் செல் மாதக்கணக்கில் நின்றது உண்மையா? உள்ளே இருந்த குறிப்புகளை மீட்க முடியுமா?

கேள்வியில் இருப்பது இதுதான்: அலமாரியைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் பாம் எம்100 (முகவரி, நாட்குறிப்பு, குறிப்புகள் வைத்துக்கொள்ளும் பழைய கையடக்கக் கருவி) கிடைத்திருக்கிறது. புது செல் போட்டதும் உயிர் வந்தது, ஆனால் உள்ளே எதுவும் இல்லை. ரிமோட்டில் போடும் இரண்டு செல்லில் அது மாதக்கணக்கில் ஓடியது என்கிறார் அப்பா. நம்பலாமா, அவருடைய குறிப்புகள் திரும்பக் கிடைக்குமா?

அப்பா சொல்வதை நம்பலாம். பயன்பாட்டைப் பொறுத்து மூன்று வாரம், ஒரு மாதம், கொஞ்சமாகத் தொடுகிறவர் என்றால் இரண்டு மாதம்கூட நிற்கும். குறிப்புகளைக் கருவிக்குள் தேடிப் பயனில்லை, அவை அழிந்துவிட்டன. வேறோர் இடத்தில் இருக்கலாம், அதைக் கடைசியில் சொல்கிறேன். செல் அவ்வளவு நாள் நின்றதற்கும் குறிப்புகள் போனதற்கும் வேர் ஒன்றுதான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நல்ல ஆல்கலைன் ஏஏஏ செல் ஒன்றில் சுமார் 1,000 மில்லி ஆம்பியர் மணி இருக்கும். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 3 வாட் மணி. இன்று உங்கள் கையில் இருக்கும் போனில் 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி என்றால் அது 19 வாட் மணி. அதாவது ஆறு மடங்கு அதிகம். அப்படியிருந்தும் ராத்திரி சார்ஜரைத் தேடுகிறோம். ஆக, அந்தக் காலத்து செல்லில் எந்த மாயமும் கிடையாது. கருவி தின்னவில்லை, அவ்வளவுதான்.

எம்100 வந்தது 2000-ல். அதன் மூத்த அண்ணனான பைலட் 1000 வந்தது 1996-ல். இரண்டிலும் 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மோட்டோரோலா டிராகன்பால் சிப் வகைதான். 160-க்கு 160 புள்ளி கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை, அதுவும் அறையில் இருக்கும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் எல்சிடி. பின்னால் விளக்கு எரிந்தாக வேண்டியதில்லை. எம்100-ல் விளக்கு உண்டு, பவர் பட்டனை இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால் எரியும். அதை எரியவிட்டே பழகியவர்களுக்குத்தான் செல் சீக்கிரம் தீர்ந்தது.

ஆனால் பெரிய மிச்சம் திரையில் இல்லை, தூக்கத்தில் இருந்தது. நீங்கள் கருவியை அணைக்கும்போது அது உண்மையில் அணையாது. பிரதான கடிகாரம் நின்றுவிடும். 32,768 ஹெர்ட்ஸில் துடிக்கும் ஒரு சின்னக் கடிகாரம் மட்டும் நேரத்தையும் அலாரத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும். நினைவகம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளத் தேவையான அளவு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். கருவி "ஆன்" ஆகி உங்கள் கையில் இருக்கும்போதுகூட அதே கதைதான். ஓர் எழுத்தைக் கிறுக்கிவிட்டு அடுத்ததற்குக் குச்சியைத் தூக்குகிறீர்களே, அந்த இடைவெளியில் சிப் கண்ணயர்ந்துவிடும். குச்சி பட்டதும் விழிக்கும். ஒரு சாதாரணப் பயன்பாடு ஓடும் நேரத்தில் நூற்றுக்கு 5 பங்குதான் சிப் முழுசாக விழித்திருக்கும் என்று, நிரல் எழுதுகிறவர்களுக்கான பாம் கையேட்டிலேயே சொல்லியிருந்தார்கள். நெட்வொர்க் இல்லை, பின்னணியில் ஓடும் ஆப் இல்லை, நிமிஷத்துக்கு ஒருமுறை டவரைக் கூப்பிட வேண்டியதில்லை. முகவரிப் புத்தகம் திறந்திருந்தால் முகவரிப் புத்தகம் மட்டும்தான் ஓடும்.

இதற்கும் ஒரு படி முன்னால் இருந்தது கேசியோ டிஜிட்டல் டைரி. தொண்ணூறுகளில் விற்பனை வேலையில் இருந்தவர்கள் சட்டைப்பையில் அது இருப்பதே ஒரு கெத்து. நானும் வைத்திருந்தேன். உள்ளே நாணயம்போல் வட்டமான லித்தியம் செல்கள், கடைக்காரர் பாஷையில் பட்டன் செல். சிஆர் 2032 என்ற எண்ணைப் பிரித்தாலே அளவு தெரியும்: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். அதில் சுமார் 220 மில்லி ஆம்பியர் மணிதான் இருக்கும். ஆனால் ஒரு சர்க்யூட் 20 மைக்ரோ ஆம்பியர் மட்டும் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 11,000 மணி நேரம் வரும். ஒரு வருஷத்துக்கும் மேலே. அந்த டைரிகளில் இருந்தது 32 கிலோபைட், 64 கிலோபைட் ஸ்டாட்டிக் ரேம். சும்மா இருக்கும்போது அதற்கு மின்சாரம் கொஞ்சம்கூடத் தேவையில்லை என்று சொல்லிவிடலாம்.

"கொஞ்சம்கூட" என்று சொன்னேனே, அந்தக் கொஞ்சத்தில்தான் சிக்கல். தேவை குறைவு, ஆனால் பூஜ்யம் கிடையாது. இன்றைய போனில் எல்லாம் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதப்படுகிறது, பேட்டரி செத்தாலும் எழுதியது எழுதியதுதான். கேசியோவிலும் பாமிலும் நீங்கள் எழுதியது அத்தனையும் ரேமில் இருந்தது. செல் இருக்கும்வரை ஞாபகம், செல் போனால் எல்லாம் காலி. அதனால் அந்தக் காலத்தில் "பேட்டரி எத்தனை நாள் வரும்" என்று கேட்டால் அதில் இரண்டு கேள்வி அடங்கியிருந்தது. எத்தனை நாள் ஓடும் என்பது ஒன்று, எத்தனை நாள் மறக்காமல் இருக்கும் என்பது இன்னொன்று. விளம்பரத்தில் முதல் கேள்விக்குத்தான் பதில் இருக்கும். என் கணக்கில் இரண்டாவதுதான் முக்கியம்.

கேசியோ போன்றவற்றில் இதற்காகவே மெயின் செல் தனி, நினைவகத்தைக் காக்கும் செல் தனி. இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றாதே என்று பின்மூடியில் எச்சரிக்கை இருக்கும். வாட்ச் கடையில் கொடுத்தால் பழக்க தோஷத்தில் எல்லாவற்றையும் கழற்றிப்போட்டுவிட்டுத்தான் புதுசைத் தேடுவார்கள். நான் யாரிடமும் கொடுத்ததில்லை.

பாமில் அந்தக் காப்பு செல்லும் கிடையாது. அதற்குப் பதில் ஒரு கெப்பாசிட்டர் இருந்தது. செல்லைக் கழற்றினால் அதில் தேங்கிய மின்சாரம் ஒரு நிமிஷம்வரை ரேமைத் தாங்கும், அதற்குள் புதுசைப் போட வேண்டும் என்பது கையேட்டின் விதி. எங்கள் அலுவலகத்தில் இது ஒரு சடங்குபோலவே நடக்கும். முதலில் கம்ப்யூட்டரோடு இணைத்து ஹாட்சிங்க் செய்துவிட வேண்டும், அதாவது கருவியில் இருப்பதைக் கம்ப்யூட்டரிலும் நகலாக ஏற்றிவிட வேண்டும். புது செல் இரண்டையும் பிளாஸ்டிக் உறையிலிருந்து பிரித்து, பிளஸ் எந்தப் பக்கம் என்று பார்த்து மேஜையில் வரிசையாக வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் பின்மூடியைத் தள்ளுவோம். அந்த நேரம் பார்த்து போன் அடித்தால் யாரும் எடுக்க மாட்டோம்.

சையான் இந்த விஷயத்தில் இன்னும் நாகரிகமாக நடந்துகொண்டது என்பேன். கையடக்கக் கம்ப்யூட்டர் செய்த இங்கிலாந்து நிறுவனம், 1991-ல் சீரிஸ் 3, 1997-ல் சீரிஸ் 5. இரண்டிலும் சாதாரண பென்சில் செல் (ஏஏ) இரண்டு, கூடவே காப்புக்கு ஒரு பட்டன் செல். பெரிய செல்லைக் கழற்றிவைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்துகூடப் போடலாம். எச்பியின் 200எல்எக்ஸிலும் (1994) இதே ஏற்பாடு. எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் செல்லில் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) ஓடும் ஒரு முழுக் கம்ப்யூட்டர் நடந்தது என்றால் இன்றைக்கு நம்பச் சிரமம்தான்.

ஒன்றை எச்சரித்துவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து நீங்கள் செய்யப்போவது அதுதான்: ரீசார்ஜ் செல் வாங்கிப் போடுவது. ஆல்கலைன் செல் புதிதில் 1.5 வோல்ட், தீரத் தீரப் படிப்படியாக இறங்கும். பாமின் பேட்டரி அளவுகோல் அந்தச் சரிவைப் பார்த்துத்தான் எவ்வளவு மிச்சம் என்று ஊகிக்கிறது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லோ பெரும்பாலான நேரம் 1.2 வோல்ட்டிலேயே நிற்கும், கடைசியில் ஒரேயடியாகச் சரியும். அதனால் முழுசாக சார்ஜ் ஏற்றிய செல்லைப் போட்டாலும் கருவி "பேட்டரி குறைவு" என்று புலம்பும். உண்மையாகவே குறையும்போது சொல்வதற்கு அவகாசம் இருக்காது. இதற்கு ஒரு ரகசிய வழி உண்டு: எழுதும் இடத்தில் ஷார்ட்கட் குறியை (சங்கிலி எழுத்தில் எழுதிய ஆங்கில எல் போல இருக்கும்) போட்டு, இரண்டு தட்டுத் தட்டிப் புள்ளி வைத்து, 7 என்று எழுதினால் செல்லின் வகை மாறும். 7-க்குப் பதில் 1 எழுதிவிடாதீர்கள். அது நிரலாளர்களுக்கான சோதனை நிலை. சீரியல் போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு செல்லைக் குடித்துக்கொண்டே இருக்கும். 3 எழுதினால் கருவி தானாக அணையும் வசதியே போய்விடும்.

இன்னொன்று, பழைய நிக்கல் செல்கள் சும்மா வைத்திருந்தாலே மாதாமாதம் சார்ஜை இழக்கும். 2005 இறுதியில் சான்யோ, சார்ஜை நீண்ட நாள் தக்கவைக்கும் எனிலூப் செல்லைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தத் தொல்லை அடங்கியது. வாரக்கணக்கில் தூங்கும் கருவிக்கு அந்த வகைதான் பொருந்தும். ரேடியோவுக்குச் செய்வதுபோல் செல்லை வெயிலில் காயவைத்துப் போடும் வித்தை இங்கே வேண்டாம். ரேடியோ நின்றால் பாட்டு மட்டும்தான் நிற்கும்.

சரி, இந்த சொகுசு ஏன் முடிந்தது? நிறத்தாலும் வேகத்தாலும். 1999-ல் வந்த பாம் V-ல் லித்தியம் அயான் பேட்டரியை உள்ளே வைத்து உடலைப் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். பேட்டரி மாற்ற வேண்டுமென்றால் ஹேர் டிரையரால் சூடாக்கிப் பிரிக்க வேண்டும். 2000-ல் காம்பேக் ஐபேக் 206 மெகாஹெர்ட்ஸ் சிப்போடும் வண்ணத் திரையோடும் வந்தது. உள்ளே 950 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி. அசத்தலான கருவி. ஆனால் அதிலும் உங்கள் தகவல் ரேமில்தான் இருந்தது. வாரக்கணக்கில் தாங்கிய காலத்தில் ரேமை நம்பியது புத்திசாலித்தனம், நாள்கணக்காகச் சுருங்கியபின்பும் நம்பியது எனக்கு இன்றும் விளங்காத ஒன்று. ஊருக்குப் போய் சார்ஜரை மறந்துவிட்டால் திரும்பி வரும்போது கருவி கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோல் பளிச்சென்று இருக்கும். 2004-ல் பாம் வகைப் போனான ட்ரியோ 650 ஃபிளாஷுக்கு மாறியது, 2005-ல் விண்டோஸ் மொபைல் 5 அதைச் செய்தது.

இனி உங்கள் அப்பாவின் கருவி. செல் வைக்கும் இடத்தில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அது ஆல்கலைன் செல் கசிந்தது. பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, ஈரம் காய்ந்தபின் செல் போடுங்கள், வெறுங்கையால் தொட வேண்டாம். எம்100-ஐ விட்டுவிட்டு, அப்பாவிடம் அன்றைக்கு எந்தக் கம்ப்யூட்டர் இருந்தது என்று கேளுங்கள். அதன் ஹார்ட் டிஸ்க் எங்காவது கிடந்தால், சி டிரைவில் "பாம்" என்ற ஃபோல்டருக்குள்ளோ புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளோ அவர் பெயரைச் சுருக்கி ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் அட்ரஸ், டேட்புக், மெமோபேட் என்று தனித்தனி உட்ஃபோல்டர்கள், ஒவ்வொன்றிலும் அதே பெயரில் ".dat" என்ற விகுதியோடு ஒரு கோப்பு. ஒருமுறையாவது அவர் ஹாட்சிங்க் செய்திருந்தால் அதுவரை எழுதியது எல்லாம் அங்கே இருக்கும். பாம் டெஸ்க்டாப் மென்பொருளை ஒரு பழைய விண்டோஸில் நிறுவினால் முறையாகத் திறக்கும். அது முடியாவிட்டால் நோட்பேடில் திறந்து பாருங்கள். குப்பை எழுத்துகளுக்கு நடுவே பெயரும் போன் நம்பரும் அப்படியே படிக்கிற மாதிரி தெரியும். பக்கத்தில் பேக்கப் என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் அதையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அவர் தனியாகப் போட்டுவைத்த மற்ற நிரல்களின் தகவல் அதில்தான் சேமிக்கப்பட்டிருக்கும்.