கேளுங்கள் சிஸ்டர்: முதுநிலை செவிலியப் படிப்பு எதற்கு?

(பதில் சொல்பவர், முதுநிலை செவிலிய மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியை.)

சிஸ்டர், நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். புதிதாக வரும் இளம் மருத்துவர்கள் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வென்டிலேட்டரில் கை வைக்கிறார்கள். முதுநிலை வகுப்பில் எனக்குப் புதிதாக என்ன சொல்லித் தந்துவிடப் போகிறார்கள்? (வாசகி ஒருவர்)

உங்கள் கண்ணும் கையும் கற்றதை எந்தக் கல்லூரியும் கற்றுத் தராது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் ஒரு நோயாளியை உங்கள் முன் நிறுத்துகிறேன்.

கடுமையான ஆஸ்துமா. வந்ததிலிருந்து மார்பு முழுக்க விசில் சத்தம். சட்டென்று அந்தச் சத்தம் அடங்குகிறது. பக்கத்தில் நிற்கும் உறவினர் 'அப்பாடா' என்கிறார். உங்களுக்கோ அடிவயிறு கலங்குகிறது. அப்போது ரத்த வாயுப் பரிசோதனை முடிவு கைக்கு வருகிறது: கரியமில வாயு 40. இயல்பான அளவு என்றுதான் தாளில் இருக்கும். இப்போது மருத்துவருக்குப் போன் செய்து என்ன சொல்வீர்கள்? "ஏதோ சரியில்லை, கொஞ்சம் வந்து பாருங்கள்" என்பீர்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும்.

முதுநிலை வகுப்பில் நான் அந்த 'ஏதோ'வை விடமாட்டேன். இத்தனை வேகமாக மூச்சு வாங்குபவருக்குக் கரியமில வாயு குறைந்திருக்க வேண்டும். 40-க்கு ஏறியிருக்கிறது என்றால் அவர் களைத்துக்கொண்டிருக்கிறார். சத்தம் நின்றது குணமானதால் அல்ல, விசில் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போய்வராததால். மருந்தைக் கூட்டிப் பார்ப்பதா, செயற்கைச் சுவாசத்துக்குத் தயாராவதா என்ற கேள்வியை நீங்களே எழுப்ப வேண்டும். சொன்ன முடிவின் கீழே கையெழுத்தும் போட வேண்டும். பத்து ஆண்டு அனுபவம் உங்களை அந்த வாசல் வரை கொண்டுவந்திருக்கிறது. காரணம் சொல்லி முடிவெடுக்கும் பயிற்சி படிப்பில்தான் கிடைக்கும். அமெரிக்காவில் 2008-இல் வகுத்த பொது நெறிமுறைப்படி, உயர்நிலைச் செவிலியர் (முதுநிலைப் பயிற்சி பெற்றுக் கூடுதல் பொறுப்போடு நோயாளிகளைப் பார்ப்பவர்) ஆக விரும்பும் எவரும் நோய் உடலியல், மருந்தியல், உடற்பரிசோதனை மூன்றையும் உயர்நிலையில் தனித்தனிப் பாடங்களாகப் படித்தே தீர வேண்டும். காரணமில்லாமல் வைக்கவில்லை.

ஒன்று சொல்லிவைக்கிறேன். வார்டில் எல்லோரும் உங்களிடம் கேட்பார்கள். வகுப்பில் நீங்கள் கேட்க வேண்டியிருக்கும். அனுபவசாலிகளுக்கு முதல் பருவத்தில் பாடத்தைவிட இதுதான் கஷ்டம்.

நர்ஸ் பிராக்டிஷனர், சிறப்புத்துறைச் செவிலியர் என்று இரண்டு வழிகள் சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது? (செவிலியர் ஒருவர்)

உங்களுக்கு எந்த வேலை பிடிக்கும் என்பதைப் பொறுத்தது. நர்ஸ் பிராக்டிஷனருக்குத் தனக்கென்று நோயாளிகள் உண்டு. விசாரிப்பார், பரிசோதிப்பார், நோயைக் கணிப்பார், சட்டம் அனுமதிக்கும் இடத்தில் மருந்தும் எழுதுவார். சிறப்புத்துறைச் செவிலியர் தன் துறையில் சிக்கலான நோயாளிகளைப் பார்ப்பதோடு, அவர்களைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர்களையும் வார்டு நடக்கும் முறையையும் சேர்த்துப் பார்ப்பவர். படுக்கைப் புண் அதிகமாகிறதா? ஒரு புண்ணுக்குக் கட்டுப் போட்டு முடிப்பதோடு அவர் வேலை தீராது. எந்த மெத்தை, எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டுகிறார்கள், ராத்திரியில் யார் விட்டுவிடுகிறார்கள் என்று தோண்டுவார். இந்த வழிக்கு வயது அதிகம். மனநலச் செவிலியத்தில் இதற்கான முதுநிலைப் படிப்பை அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற செவிலியப் பேராசிரியை 1950-களிலேயே தொடங்கிவிட்டார்.

ஆசிரியப் பணி மூன்றாவது வழி. இரவுப் பணியிலிருந்து தப்பிக்க மட்டும் அந்தப் பக்கம் வராதீர்கள். மாணவர்கள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான் மருத்துவர். மரியாதையோடுதான் கேட்கிறேன்: இந்தப் படிப்புகள் அரைகுறை மருத்துவர்களைத்தானே உருவாக்குகின்றன? (வாசகர் ஒருவர்)

டாக்டர், இதைத் தொடங்கியதில் உங்கள் ஆட்களுக்கும் பங்கு உண்டு. 1965-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியை ஆரம்பித்தவர்கள் இருவர்: லொரெட்டா ஃபோர்டு என்ற பொதுச் சுகாதாரச் செவிலியர், ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவர். மருத்துவர் எட்டாத இடங்களில் குழந்தைகளின் வளர்ச்சியைக் கவனிக்கவும், பெற்றோருக்கு வழிசொல்லவும், நோயை முளையிலேயே கண்டுகொள்ளவும் செவிலியரைத் தயார் செய்தார்கள். ஃபோர்டு இதைக் கடைசிவரை செவிலியத்தின் விரிவாக்கமாகவே பார்த்தார், மருத்துவத்தின் குறுக்குவழியாக அல்ல.

உங்கள் கவலையில் நியாயமும் இருக்கிறது. எங்கே நிறுத்தி மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்று தெரியாதவர் ஆபத்தானவர்தான். அதனால்தான் என் தேர்வுகளில் "இந்த நோயாளியை யாரிடம், எப்போது அனுப்புவீர்கள்?" என்ற கேள்வி தவறாமல் இருக்கும். அதில் கோட்டைவிட்டவர் மற்றதில் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் நான் தேர்ச்சி போட்டதில்லை.

மகள் இப்போதுதான் இளநிலை முடித்தாள். சூட்டோடு சூடாக முதுநிலையில் சேர்த்துவிடலாமா? (தந்தை ஒருவர்)

வேண்டாம் ஐயா. இரண்டு ஆண்டுகளாவது வார்டில் நிற்கட்டும். நேரடியாகச் சேர்க்கும் இடங்கள் உண்டு, தெரியும். ஆனால் முதுநிலை வகுப்பு நடப்பதே மாணவர்கள் பார்த்த நோயாளிகளை வைத்து. அவளிடம் சொல்ல ஒரு நோயாளிகூட இல்லாவிட்டால் மற்றவர்கள் பேசுவதைக் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இன்னொன்று, சேர்வது அவள். அடுத்த கடிதத்தை அவளே எழுதட்டும்.

கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது? இணையவழிப் படிப்பு போதுமா? (வாசகி ஒருவர்)

பாடத்தை இணையத்தில் படிக்கலாம். இதய முணுமுணுப்பை நோயாளியின் மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துத்தான் கேட்டாக வேண்டும், நீங்கள் கேட்டது சரிதானா என்று அதே மார்பில் கேட்டுப் பார்த்துச் சொல்லவும் ஒருவர் வேண்டும். அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்கான தேசியத் தரநிலை, நோயாளிகளோடு நேரடியாகச் செலவிட வேண்டிய குறைந்தபட்ச நேரத்தை 2022-இல் 500 மணியிலிருந்து 750 மணியாக உயர்த்தியது. இந்தியச் செவிலியர் குழுமம் தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை மருத்துவமனையில் பணிசெய்துகொண்டே கற்கும் உறைவிடப் பயிற்சியாகவே வகுத்திருக்கிறது. எல்லாம் ஒரே திசையில்தான் போகிறது.

ஆகவே கல்லூரியின் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். எனக்கு மருத்துவமனைப் பயிற்சி தரும் வழிகாட்டி யார், அவரைக் கல்லூரி ஏற்பாடு செய்யுமா, நானே தேடிக்கொள்ள வேண்டுமா என்று கேளுங்கள். அவருக்குக் கீழே ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். சேர்வதற்கு முன் செவிலியர் பதிவு அமைப்பிடமும் விசாரியுங்கள்: இந்தப் பட்டத்தைத் தனியாகப் பதிவு செய்வார்களா, மருந்து எழுத அனுமதி உண்டா? பட்டம் வாங்கிய பிறகும் பழைய பதவியில் பழைய வேலையையே பார்க்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசியாக, போன ஆண்டு படித்து முடித்த இரண்டு பேரின் தொலைபேசி எண்ணைக் கல்லூரியிடம் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் விண்ணப்பக் கட்டணத்தை மிச்சப்படுத்துங்கள்.